அத்தோ வீடியோ தம்ப்நெயில்: எழுத்து வேணுமா, வேண்டாமா?

பாரிமுனைப் பயணி:
பர்மா பஜார் பக்கத்து அத்தோ (கையால பிசையற பர்மா நூடுல்ஸ்) கடைகளைப் பத்தி 14 நிமிஷ யூடியூப் வீடியோ. தம்ப்நெயில்ல (வீடியோவுக்கு முகப்பா வர்ற சின்னப் படம்) இடப்பக்கம் வாயைப் பிளந்த முகம், வலப்பக்கம் தட்டு, அதைக் காட்ட ஒரு சிவப்பு அம்பு. கீழே முழு அகலத்துக்கு மஞ்சள்ல "சென்னையின் பெஸ்ட் பர்மா அத்தோ இங்கதான் கிடைக்குது". கிளிக்கே விழல. எதை மாத்தலாம்?

எடிட் மேசை:
எழுத்தை மொத்தமா தூக்குங்க, முகத்தையும் சேர்த்து. தலைப்புல இருக்கிறதையே படத்துலயும் எழுதினா அந்த இடம் வீண். ஆரஞ்சு நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், நொறுங்கற பேஜோ (தட்டை மாதிரி), பிசையற கை: இதுக்குத்தான் ஆள் வருவான். அதை ஃப்ரேம்ல முக்கால் பங்குக்கு நிரப்புங்க.

வீடியோவுல இருந்து ஃப்ரேம் எடுக்காதீங்க. 1/50 நொடி ஷட்டர்ல ஓடற கை கலங்கித்தான் இருக்கும். தனியா ஸ்டில் எடுங்க. ஷட்டரை ஏத்தினா சரியாகிடும்னு 1/400 வச்சா, கடை எல்.இ.டி. வெளிச்சத்துல படம் முழுக்க பட்டை பட்டையா கோடு விழும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஒரு மினுக்கல் முழுசா அடங்கற மாதிரி 1/100 வச்சுக்கிட்டு, நூடுல்ஸைத் தூக்கின இடத்துல கடைக்காரரை ரெண்டு நொடி நிறுத்தச் சொல்லுங்க.

எழுத்துரு ஏகாம்பரம்:
படம் எடுக்கற விஷயத்துல சண்டை இல்ல. "தலைப்புல இருந்தா படத்துல வேண்டாம்"ங்கறதுலதான் சண்டை. போன்ல தலைப்பு ரெண்டு வரிக்கு மேல போனா வெட்டிடும். தமிழ் எழுத்து அகலம். "பெஸ்ட் பர்மா அத்தோ"ன்னு படிக்கறதுக்குள்ள புள்ளி வச்சு முடிச்சிடும். அதுவும் எழுத்தே இல்லாத நூடுல்ஸ் படம், பக்கத்துல இருக்கிற பத்து ஃபாஸ்ட்புட் வீடியோவோட ஒண்ணா கலந்துடும். இது அத்தோன்னு யார் சொல்றது?

எடிட் மேசை:
ஆறு வார்த்தையை எவன் படிப்பான் சார்? 1280க்கு 720 கேன்வாஸை 12.5 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்க. அகலம் 160 பிக்சல். அதுல அந்த வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

எழுத்துரு ஏகாம்பரம்:
ஆறு வார்த்தைன்னு நான் எங்க சொன்னேன்? ரெண்டு. எழுத்தோட உயரம் 140 பிக்சல், அதாவது படத்துல ஐந்தில் ஒரு பங்கு. உங்க 160 பிக்சல் அளவுல அது 17, 18 பிக்சலா வரும், தாராளமா படிக்கலாம். அனேக் தமிழ் ஃபான்ட்ல அகலத்தைக் குறைக்கிற வசதி இருக்கு. அதைக் கொஞ்சம் ஒடுக்குங்க. சாதா ஃபான்டைப் பிடிச்சு பக்கவாட்டுல நசுக்கினா செங்குத்துக் கோடு மட்டும் மெலிஞ்சு அசிங்கமாகும்.

பலரும் கோட்டை விடறது அவுட்லைன்லதான். இங்கிலீஷ் எழுத்துக்குப் போடற 12 பிக்சல் ஸ்ட்ரோக்கை அப்படியே தமிழுக்கும் போடறாங்க. ஸ்ட்ரோக் சுழிக்கு உள்ளயும் வளரும். ஒரு பக்கம் 12, எதிர்ப்பக்கம் 12, ஆக 24 போச்சு. "ண", "ழு", "ளூ" எல்லாம் அடைச்சு வெறும் உருண்டையா நிக்கும். ஸ்ட்ரோக்கை 4க்குள்ள வச்சுக்கிட்டு, பின்னால ஒரு கருப்புப் பட்டையோ பரவின நிழலோ குடுங்க. பழைய போட்டோஷாப்ல கொம்பு தள்ளிப் போய் நின்னா, ப்ரிஃபரன்ஸ்ல டெக்ஸ்ட் என்ஜினை தெற்காசிய மொழிக்கானதா மாத்துங்க. பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத பழைய ஃபான்டுக்கு ஓட வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை வண்ணம்:
ரெண்டு பேரும் அம்பை விட்டுட்டீங்க. படத்தோட நிறத்தை முழுசா எடுத்துட்டு கருப்பு வெள்ளையில பாருங்க: ஆரஞ்சு நூடுல்ஸும் சிவப்பு அம்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். இது போதாதுன்னு ஜேபெக் சுருக்கம் வேற. அது வெளிச்ச வித்தியாசத்தைக் காப்பாத்தும், நிற விவரத்தைக் குறைச்சுடும். கருப்பு மேல சிவப்பு ஓரம் கசியறது அதனாலதான். ஆரஞ்சு மேல மஞ்சள் எழுத்தும் எடுபடாது. வெள்ளை எழுத்து, பின்னால கரும்பச்சை வாழையிலை. நூடுல்ஸ் தானா முன்னால வரும், அம்பே தேவைப்படாது.

கீழ வலது மூலையில நிமிஷக் கணக்கு வந்து உட்காரும். இப்போ உங்க வரியோட கடைசி வார்த்தை அதுக்கு அடியிலதான் இருக்கு. மேல இடது மூலைக்கு ஏத்துங்க.

எடிட் மேசை:
சரி, ரெண்டு வார்த்தைன்னா ஒத்துக்கறேன், தலைப்புல இல்லாத வார்த்தையா இருந்தா. "பெஸ்ட்" கூடாது. அது எல்லார் படத்துலயும் இருக்கு. வாய் பிளந்த முகத்துக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.

எழுத்துரு ஏகாம்பரம்:
முகம் வேணும்னா கடைக்காரர் முகம் வைக்கலாம், அவர்கிட்ட கேட்டுட்டு. பார்வை தட்டு மேல இருக்கட்டும்.

வண்ணாரப்பேட்டை வண்ணம்:
இங்க வாதாடறதுக்குப் பதிலா யூடியூப் ஸ்டுடியோவுல சோதனை போட்டுடலாம். கம்ப்யூட்டர்ல திறந்தா ஒரே வீடியோவுக்கு மூணு தம்ப்நெயில் வரைக்கும் குடுக்கலாம். அது ஜெயிச்சதைப் பார்க்கற நேரத்தை வச்சுச் சொல்லும், கிளிக்கை மட்டும் வச்சு இல்ல. மூணும் நல்லா வேறுபடணும். அம்பை மட்டும் நகர்த்தி மூணு போட்டா முடிவே வராது. பார்வை குறைவான சேனல்னா ரெண்டு வாரம் ஓடியும் "தெளிவில்லை"ன்னுதான் நிக்கலாம்.

பயணிக்கு ஒண்ணு: கிளிக் சதவீதத்தை (தம்ப்நெயில் கண்ணுல பட்டதுல எத்தனை தடவை கிளிக் ஆச்சுங்கறதை) வெறும் எண்ணா பார்க்காதீங்க. பாதி சேனல்களுக்கு 2லிருந்து 10க்குள்ளதான்னு யூடியூபே சொல்லியிருக்கு. சந்தாதாரரைத் தாண்டி வெளியாள்கிட்ட போகப் போக அது இறங்கத்தான் செய்யும்.

பாரிமுனைப் பயணி:
அப்போ மூணு போடறேன். ஒண்ணு வெறும் நூடுல்ஸ். ரெண்டாவது நூடுல்ஸ், மேல இடது மூலையில "கையால பிசைஞ்சது". மூணாவது கடைக்காரர், தட்டு, விலை. விலைக்கு "ரூபாய்"னு எழுதணுமா, ₹ போதுமா?

எழுத்துரு ஏகாம்பரம்:
₹ போதும். ஆனா உங்க ஃபான்ட்ல அந்தக் குறி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வேற ஃபான்ட்ல இருந்து எடுத்துப் போட்டுக்கும், தடிமனான எண்ணுக்குப் பக்கத்துல குச்சி மாதிரி நிக்கும்.

எடிட் மேசை:
விலையைப் போட்டீங்கன்னா, கடை விலை ஏத்தற அன்னிக்கே தம்ப்நெயிலையும் மாத்துங்க. இல்லைன்னா கமென்ட்ல பிசைஞ்சுடுவாங்க.