பதில்: பார்வையாளர் நாடா, நோக்குநர் நாடா?

அன்பர்களுக்கு,

இந்தக் குழுவில் நான் கேட்டது ஒரே ஒரு சொல்: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் 'observer state' என்பதற்குத் தமிழ். வந்த மடல்களில் பாதி உல்கு (சுங்கவரிக்குப் பழஞ்சொல்) பற்றி. பாடப்பகுதியைப் புதன்கிழமை கொடுத்தாக வேண்டும், அதனால் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், ஆர்மேனியா, கிர்கிஸ்தான் ஐந்தும் உறுப்பினராக இருப்பது யூரேசியப் பொருளாதார ஒன்றியம். பக்கத்து வீட்டு உஸ்பெகிஸ்தான் சேரலாமா வேண்டாமா என்று யோசித்து, 2020 டிசம்பரில் முழுக்க உள்ளேயும் போகாமல் வெளியேயும் நிற்காமல் ஓர் இடத்தில் உட்கார்ந்தது. அழைத்தால் கூட்டத்துக்கு வரலாம், ரகசியமில்லாத ஆவணங்களை வாங்கிப் படிக்கலாம், முடிவெடுப்பதில் பங்கு கிடையாது. ஒன்றியத்தின் பொதுச் சுங்கவரியும் அதைக் கட்டுப்படுத்தாது. அந்த இடத்துக்குத்தான் பெயர் கேட்டேன்.

> பார்வையாளர் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர். நோக்குநர் என்பதே சரி.

ஐயா, தேர்தல் பார்வையாளர் யாருக்கும் பழம் கொண்டுபோவதில்லையே. நோக்குநர் இலக்கணப்படி பழுதில்லாத சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை அது தந்நகரமா (ந) றன்னகரமா (ன) என்றுதான் முதலில் தடுமாறும். ஓட்டுநரா ஓட்டுனரா என்ற சண்டையே இந்தக் குழுவில் இன்னும் தீரவில்லை. நீங்களோ தொல்காப்பியர் செய்யுள் உறுப்பாகச் சொன்ன நோக்குக்குப் போய், அங்கிருந்து 'இருநோக்கு இவளுண்கண் உள்ளது' வரைக்கும் வந்துவிட்டீர்கள், அவளுடைய ஒரு நோக்கு நோய் தரும், இன்னொன்று அதற்கு மருந்து என்கிற குறள். அது மட்டும் பொருத்தம்தான். உஸ்பெகிஸ்தானின் ஒரு நோக்கு ரஷ்யாவில் கூலிவேலை பார்க்கும் தன் ஆட்கள்மேல், இன்னொன்று 1994-லேயே மனுப்போட்ட உலக வர்த்தக அமைப்பின் வாசல்மேல். எது நோய், எது மருந்து என்பது அவர்கள் பாடு.

> சுங்கம் வடசொல். உல்கு ஒன்றியம் என்க.

'உறுபொருளும் உல்கு பொருளும்' எனக்கும் பிடித்த குறள். ஆனால் உல்குவையும் சுங்கத்துக்கு மூலமான அதே 'சுல்கம்' என்ற வடசொல்லில் கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் எங்கே ஓடுவது? முதலாம் குலோத்துங்கனே சுங்கம் தவிர்த்த சோழன்தான். அதைவிட, நான் கேட்ட சொல் இதுவே இல்லை!

> கண்காணிப்பு நாடு, எளிது.

எளிதுதான் தோழர், அர்த்தம் தலைகீழ். கண்காணிப்பாளர் மேலே நின்று அதட்டுகிறவர். மாஸ்கோவை உஸ்பெகிஸ்தானா அதட்டுகிறது?

> திண்ணை நாடு :)

சிரித்துவிட்டேன் அம்மா. உள்ளே சமைக்கிற வாசனை வரும், இலை மட்டும் போடமாட்டார்கள். வந்ததிலேயே துல்லியமான சொல் இதுதான், ஆனால் பாடநூலில் அச்சேறாது.

சரி, பார்வையாளர் நாடு என்றே அனுப்புகிறேன். ஐ.நா.வில் பாலஸ்தீனத்துக்கு 2012-இல் கிடைத்ததையும் நாளிதழ்கள் பார்வையாளர் அந்தஸ்து என்றுதான் எழுதுகின்றன, பிள்ளைகளுக்குப் பழகின சொல். நோக்குநர் ஐயா தனிமடலில் நாலு பக்கம் மறுப்பு அனுப்பியிருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. அடுத்த பக்கத்தில் முழு உறுப்பினராகும் நடைமுறைக்குச் சேர்க்கையா இணைவா என்று ஒரு சந்தேகம் காத்திருக்கிறது. அதை இங்கே கேட்பதாக இல்லை.