மேக்ரோஃபேஜ் விழுங்கினாலே பாக்டீரியா செத்துவிடாதா?

கேள்வி:
மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல் கிருமியை விழுங்கும், அதற்குள் இருக்கும் லைசோசோம் என்ற செரிமானப் பை வந்து செரித்துவிடும், கதை முடிந்தது என்றுதான் படித்தேன். இப்போது பார்த்தால் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் வந்து தூண்டினால்தான் சில பாக்டீரியாக்களைக் கொல்லவே முடியுமாம். விழுங்கிய பிறகும் வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டுமா? அது உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது?

பதில் 1:
பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு நீங்கள் படித்தது போதும். தகராறு காசநோய்க் கிருமி மாதிரி ஆட்களிடம்தான். விழுங்கிய பை வழக்கமாக பி.எச். 5 அளவுக்கு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) அமிலமாகி லைசோசோமோடு சேரும். காசநோய்க் கிருமியோ பையை 6-க்குக் கீழே இறங்கவே விடாமல், லைசோசோமையும் அண்டவிடாமல் உள்ளேயே குடும்பம் நடத்தும். டி செல், என்.கே. செல் என்ற வேறு நோயெதிர்ப்பு செல்கள் விடுகிற இன்டர்ஃபெரான் காமா உள்ளே எல்லாம் போவதில்லை, மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் இருக்கும் ரிசெப்டர் என்ற ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். உடனே உட்பக்கம் ஜாக்1, ஜாக்2 என்சைம்கள் விழித்துக்கொண்டு ஸ்டாட்1 புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, அது ஜோடி சேர்ந்து நியூக்ளியஸுக்குப் போய் நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிடும். நின்றுபோன அமிலமாக்கம் மறுபடி நகரும். ஐநாஸ் என்ற என்சைம் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை வைத்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும், அது சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் நச்சோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட், கிருமிக்கு அது இன்னும் மோசம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் நைட்ரிக் ஆக்சைடு சமாசாரம் எலியில்தான் அவ்வளவு கச்சிதமாக நடக்கும். மனித மேக்ரோஃபேஜைத் தட்டில் வளர்த்து இன்டர்ஃபெரான் ஊற்றினால் அந்த அளவுக்குச் சுரக்காது. நம்மிடம் வைட்டமின் டி வழி ஒன்று இருக்கிறது, அதில் கதெலிசிடின் என்ற சின்னப் புரதம் உருவாகிக் கிருமியைத் தாக்கும். 2006-இல் வெளிவந்த ஆய்வு இது. பாடப்புத்தகங்கள் இந்த எலி-மனித வித்தியாசத்தைச் சொல்லாமலே தாண்டிவிடுவது எரிச்சலாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
சரி, இவ்வளவு நல்லது செய்கிறதென்றால் எப்போதும் முடுக்கியே வைத்திருக்கலாமே?

பதில் 3:
அதே நைட்ரிக் ஆக்சைடும் சூப்பராக்சைடும் நம் திசுவையும் சேர்த்துத்தான் பொசுக்கும். அதனால்தான் அடக்குவதற்கு ஐ.எல்.-10 என்று இன்னொரு சமிக்ஞைப் புரதம் இருக்கிறது. இன்டர்ஃபெரான் காமா சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான்: இன்டர்ஃபெரான் காமா ரிசெப்டர் ஜீன் பழுதான குழந்தைகளுக்கு, பலவீனமாக்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியே உடம்பெங்கும் பரவியதை 1996-இல் கண்டுபிடித்தார்கள். டி.என்.எஃப். என்ற சைட்டோகைனும் (இதுவும் சமிக்ஞைப் புரதம்தான்) இப்படித்தான், மூட்டுவாதத்துக்காக அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் உறங்கிக்கிடந்த காசநோய் எழுந்துவிடலாம், ஆகவே மருந்தை ஆரம்பிக்கும் முன்பே காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுவார்கள்.