ராத்திரியில் தானாக அடிக்கும் அலாரம்: கோளாறு சென்சாரிலா, வயரிலா, பேனலிலா?

தூக்கங்கெட்டவன்:

வீட்டுத் திருட்டு அலாரம் ஒன்றரை மாதமாகச் சும்மா அடிக்கிறது. வயர் போட்ட சிஸ்டம், 8 ஜோன் (தனித்தனியாகக் கண்காணிக்கும் பகுதி) பேனல். ஜோன் 1, 2, 4 கதவுகளில் காந்த சுவிட்ச். 3 ஹால், 5 மாடிப்படி, 6 பின்பக்க அறை. இந்த மூன்றிலும் உடல் சூட்டை வைத்து நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சார். 7, 8 காலி. பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர். சிஸ்டம் போட்டபோது வைத்ததேதான், ஐந்து வருஷம் ஆகிறது. ஜோன் வயர் முழுதாக இருக்கிறதா என்று பேனல் பார்ப்பதற்கான 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர்கள் எல்லாம் பேனல் டெர்மினலிலேயே முறுக்கி வைத்திருக்கின்றன.

பேனலின் லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) மொத்தம் 11 அலாரம். அதில் 7 தடவை ஜோன் 3 மட்டும், எல்லாமே இரவு 1 முதல் 5 மணிக்குள். மீதி 4 தடவை 3, 5, 6 மூன்றும் ஒரே நொடியில்; அவற்றுக்கு நேரங்காலம் கிடையாது, ஒன்று பட்டப்பகலில். கதவு ஜோன்கள் ஒருமுறைகூட அடித்ததில்லை. ஹால் சென்சாரைக் கழற்றி அதே இடத்தில் புதுசு மாட்டியாகிவிட்டது, பலனில்லை. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் சரியாகுமா, பேனலையே மாற்ற வேண்டுமா?

வயர்கட்டர்:

பேனலை மாற்றாதீர்கள். சென்சார் மூடியைத் திறந்தால் உள்ளே பல்ஸ் கவுண்ட் ஜம்பர் இருக்கும், எத்தனை தடவை அசைவு தெரிந்தால் அலாரம் என்று தீர்மானிக்கிற சின்ன இணைப்பு. 1-ல் இருந்தால் 3-க்கு மாற்றுங்கள். பூனை, நாய் ஏதாவது உள்ளே நடமாடினால் அதையும் பாருங்கள். முக்கால்வாசி அலாரம் இதிலேயே அடங்கிவிடும்.

பேனல்பெட்டி:

பல்ஸ் கவுண்டில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை. 3-க்கு மாற்றினால் பொய் அலாரம் குறையலாம். கூடவே, சென்சாரை நோக்கி நேராக மெதுவாக நடந்து வருகிற ஆளும் தப்பிக்கலாம். பி.ஐ.ஆர். தன் பார்வைக்குக் குறுக்கே போகிறவரைத்தான் சட்டென்று பிடிக்கும், எதிரே வருபவரைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே தடுமாறும்.

உங்கள் லாக்கிலேயே பாதி விடை இருக்கிறது. இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் குழப்பம்.

முதலில் அந்த 4 தடவை. மூன்று அறையில் ஒரே நொடியில் யாரும் நடக்க முடியாது. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: பேனலிலிருந்து போகிற 12 வோல்ட் சப்ளை. பி.ஐ.ஆர். உள்ளே இருக்கும் ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்), அமைதியான நேரத்தில் கரண்ட் எடுத்து மூடியபடி இருக்கும். சப்ளை ஒரு கணம் சரிந்தாலும் ரிலே விட்டுவிடும், ஜோன் திறக்கும். பேனலுக்கு அது ஆள் நடமாட்டம் மாதிரியே தெரியும். காந்த சுவிட்சுக்கு சப்ளையே தேவையில்லை, அதனால்தான் உங்கள் கதவு ஜோன்கள் சத்தமில்லாமல் இருக்கின்றன.

வீட்டில் கரண்ட் போனாலும் ஒழுங்கான பேட்டரி இருந்தால் 12 வோல்ட் சரியவே கூடாது. ஐந்து வருஷ லெட்-ஆசிட் பேட்டரி என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான். அதன் ஆயுளே பொதுவாக 3 முதல் 5 வருஷம். "லாக்கில் மெயின்ஸ் போனதாகப் பதிவில்லையே" என்று கேட்பீர்கள். பல பேனல்கள் சில நிமிஷம் தொடர்ந்து கரண்ட் இல்லாவிட்டால்தான் அதைப் பதியும். இரண்டு நொடி வெட்டு லாக்கில் ஏறாது. மின்சாரத்தில் ஓடும் டிஜிட்டல் கடிகாரம் எதுவும் அந்த நாட்களில் 12:00 என்று மினுக்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

சோதிக்கும் விதம்: பேனலை இன்ஸ்டாலர் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் மூடியைத் திறந்ததும் டாம்பர் (யாரோ பெட்டியில் கை வைக்கிறார்கள் என்ற எச்சரிக்கை) சைரன் அலறும். கண்காணிப்பு மையத்தோடு இணைப்பு இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, சார்ஜர் வயர்களில் அளந்தால் 13.6–13.8 வோல்ட் வர வேண்டும். பிறகு பேட்டரியை மாட்டிவிட்டு மெயின்ஸை நிறுத்துங்கள். பேனல், கீபேட், மூன்று சென்சார் சேர்ந்து சுமார் 200 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். நல்ல 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது ஒரு சுமையே இல்லை. அரை மணி நேரத்தில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தூக்கிப் போடுங்கள். சுமை இல்லாமல் அளந்துவிட்டு "12.7 காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறுவது வழக்கமான தப்பு.

ஓம்மீட்டர்:

பேனல்பெட்டி சொன்னதுதான் சரி. மீதி 7 தடவைக்கு நான் வழி சொல்கிறேன். ஜோன் 3-ஐ ஒவ்வொரு கட்டமாகப் பாதி பாதியாக வெட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பேனல். ஜோன் 3-க்கு வரும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டெர்மினலில் நேராக 4.7 கே ரெசிஸ்டரை மட்டும் மாட்டுங்கள். அப்படியே சில இரவு விடுங்கள். அப்போதும் ஜோன் 3 அடித்தால் பேனல்தான் குற்றவாளி. பெரும்பாலும் அடிக்காது.

அடுத்து வயர். பழைய இணைப்பைத் திரும்பக் கொடுத்து, சென்சாருக்குள் அலாரம் ரிலே டெர்மினல் இரண்டையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் பாலம் போடுங்கள். இப்போது சென்சார் என்ன செய்தாலும் பேனலுக்குத் தெரியாது, வயர் மட்டும் சோதனையில் இருக்கும். அப்போதும் அடித்தால் வயர், அல்லது நடுவில் இருக்கும் ஏதோ ஒரு ஜாயின்ட். அடிக்காவிட்டால் சென்சாரோ அது இருக்கும் இடமோ. அந்த நாட்களில் ஹாலுக்குக் காவல் இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

பாலம் இருக்கும்போதே பேனல் பக்கம் வயரைக் கழற்றி ஓம் அளந்துவிடுங்கள். 0.22 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர், ஆக 2.4 ஓம். 2–3 ஓம் காட்டினால் சந்தோஷம். 20, 40 என்று காட்டினாலோ, வயரை ஆட்டும்போது எண் குதித்தாலோ, எங்கோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் பச்சை பிடித்துக் கிடக்கிறது. ராத்திரி குளிரில் உலோகம் சுருங்கும்போது அது விட்டு விட்டுப் பிடிக்கும். டேப்பை உரித்துவிட்டு சால்டர் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாலம் இல்லாமல் பேனல் சப்ளையை நிறுத்திவிட்டு அளந்தால் மீட்டர் "ஓபன்" என்றே காட்டும். வயர் அறுந்துவிட்டது என்று சுவரை உடைக்கப் போய்விடாதீர்கள். கரண்ட் இல்லாததால் ரிலே திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயர்கட்டர்:

ஒப்புக்கொள்கிறேன், மூன்று ஜோன் ஒரே நொடியில் என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை.

தூக்கங்கெட்டவன்:

சோதித்தாயிற்று. சார்ஜர் 13.7 வோல்ட். மெயின்ஸை நிறுத்தியதும் பேட்டரி 12.6-ல் தொடங்கி ஆறாவது நிமிஷம் 10.9-க்கு வந்துவிட்டது. சைரனை ஒரு நொடி ஓட விட்டபோது கீபேடே அணைந்துபோனது. பேட்டரி மாற்றியாயிற்று.

ஜோன் 3: ரெசிஸ்டர் மட்டும் வைத்தபோது நான்கு இரவு அமைதி. பாலம் போட்டு ஐந்து இரவு, அப்போதும் அமைதி. வயர் 2.9 ஓம், ஆட்டினாலும் மாறவில்லை. பாலத்தை எடுத்த இரண்டாம் இரவே அடித்தது. சென்சார் 2.3 மீட்டர் உயரத்தில், ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே மூலையில் இருக்கிறது. ஏசி எதிர்ச்சுவரில், இரவில் ஹாலில் ஓடுவதில்லை.

ஓம்மீட்டர்:

அப்படியானால் சென்சார் நல்லதுதான், இடம்தான் வம்பு. சென்சாரைச் சுவரிலிருந்து கழற்றி அதன் முதுகைப் பாருங்கள். வயர் வரும் ஓட்டை திறந்தே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த ஓட்டை வழியாக இரண்டு வரும். ஒன்று பூச்சி: லென்ஸுக்கு உள்பக்கம், சென்சார் கண்ணுக்கு ஒட்டி ஊரும் ஒரு சிறு சிலந்தி, ஹாலில் ஆள் நடப்பதைப் போன்ற சிக்னலைக் கொடுக்கும். இன்னொன்று காற்று: இரவில் சீலிங் இடைவெளியும் ஹாலும் வேறு வேறு சூட்டில் இருக்கும்போது, ஓட்டை வழியாக வரும் காற்று கண் மேலேயே படும். சென்சாரை மாற்றியும் பலனில்லாததற்குக் காரணம் இதுதான். ஓட்டை அதே ஓட்டை.

சுவர் ஓட்டை, சென்சார் முதுகில் வயர் நுழையும் இடம், பயன்படாத ஸ்க்ரூ துளைகள், எல்லாவற்றையும் சிலிக்கோனால் அடையுங்கள். நியூட்ரல் வகை சிலிக்கோன்தான் வேண்டும். வினிகர் வாடை வரும் வகை அமிலம் விட்டுக் காயும், செம்புக்கும் சர்க்யூட் போர்டுக்கும் ஆகாது. லென்ஸில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள், அந்த மெல்லிய பிளாஸ்டிக் கெட்டுவிடும். வலை இருந்தால் மென்மையான பிரஷ் போதும். மூடி மாட்டியதும் ஒரு நிமிஷம் பொறுத்து வாக் டெஸ்ட் போட்டு, ஹாலின் நான்கு மூலையிலும் குறுக்கே நடந்து பாருங்கள்.

பேனல்பெட்டி:

சென்சாரைத் திறக்கிற கையோடு அந்த 4.7 கே ரெசிஸ்டரையும் பேனலிலிருந்து எடுத்து, சென்சாருக்குள் ரிலேயோடு தொடராக வையுங்கள். பொய் அலாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரெசிஸ்டர் பேனலில் இருக்கும்வரை, நடுவழியில் யாராவது இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினால் பேனலுக்கு 4.7 கே-யே தெரியும், சென்சார் குருடாகிவிடும். மாற்றிய பிறகு பேனல் பக்கம் வயரைக் கழற்றி அளந்தால், சென்சாருக்கு சப்ளை இருக்கும்போது 4.46 கே-க்கும் 4.94 கே-க்கும் நடுவே வர வேண்டும். 5, 6 ஜோன்களுக்கும் இதையே செய்யுங்கள். புது பேட்டரி மேல் இன்றைய தேதியை மார்க்கரால் எழுதி வையுங்கள்.