காபித் தோட்டத்துக்கு ஜிபிஎஸ் புள்ளி கேக்குறாங்க, குடுக்கலாமா?

மலைவாழை_வீடு
எல்லாருக்கும் வணக்கம். தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் சொச்சம் காபி இருக்கு, ரெண்டு சர்வே நம்பர், ஊடால மிளகும் மலைவாழையும், நிழலுக்கு சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை. வழக்கமா காபிப் பழம் எடுக்குற வியாபாரி இந்த தடவை பட்டா நகலும் தோட்டத்தோட ஜிபிஎஸ் புள்ளியும் குடுத்தாதான் ஐரோப்பா சரக்குல சேர்ப்பேங்குறாரு. இதை வச்சு நாளைக்கு யாராச்சும் வந்து இது காடுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு அப்பா பயப்படுறாரு. தாத்தா காலத்துத் தோட்டம்ங்க. இது நெசமாவே சட்டமா, இல்ல விலையக் குறைக்கப் போடுற கணக்கா?

க்யூரிங்_காரன்
சட்டம்தான் தம்பி. 2023ல ஐரோப்பிய யூனியன் கொண்டு வந்தது. காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மரம், மாடு இந்த ஏழும், அதுல இருந்து செய்யுற சில பொருளும் அங்க போகணும்னா 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடழிச்ச நிலத்துல விளைஞ்சதா இருக்கக் கூடாது. ரெண்டு தடவை தேதிய தள்ளிப் போட்டாங்க, இப்ப பெரிய, நடுத்தர கம்பெனிக்கு 2026 டிசம்பர் 30, குறு, சிறு கம்பெனிக்கு 2027 ஜூன் 30. உங்க மிளகு இதுல வராது, காபி மட்டும்தான்.

4 ஹெக்டேருக்குள்ள, அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மின்னா, நிலத்துக்கு ஒரு புள்ளி போதும், அதுக்கு மேலன்னா எல்லையைச் சுத்தி வரைஞ்சு குடுக்கணும். புள்ளியில தசமத்துக்கு அப்புறம் 6 இலக்கம் இருக்கணும். வீட்டு வாசல்ல நின்னு எடுக்காதீங்க, தோட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் வெளிச்சமான இடமா பாத்து நின்னு எடுங்க, பலா மரத்தடியில போன் வச்சா புள்ளி நகர்ந்து பக்கத்துக்காரர் நிலத்துல போய் விழுந்துரும்.

கூடலூர்_மிளகு
சார், நிழல் மரம்தான் எங்களுக்கும் பெரிய கவலை. மேல இருந்து எடுத்த படத்துல சில்வர் ஓக் தோப்பும் காடும் ஒரே பச்சையாத்தான தெரியும்? அதோட பட்டா இல்லாதவன் கதி என்ன? எங்க ஊர்ல 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல (ஜமீன் மாதிரி பரம்பரை நிலவுடைமைய ஒழிச்ச சட்டம்) மாட்டுன நிலத்துல தலைமுறையா விவசாயம் பண்றவங்க எத்தனை பேர், காகிதம் கேட்டா எங்க போவாங்க?

க்யூரிங்_காரன்
நிழல் மரத்துக்கு பதில் இருக்கு. மரமும் பயிரும் சேர்ந்த தோட்டத்தை அந்தச் சட்டம் விவசாய நிலம்னுதான் சொல்லுது, காடுன்னு இல்ல. ஐரோப்பிய யூனியன் போட்ட 2020 காட்டு வரைபடம் நிழல் காபிய காடுன்னு காட்டினாலும் அதுவே முடிவு இல்ல, பழைய சிட்டா அடங்கல், பழைய விற்பனை ரசீது இதெல்லாம் வச்சுப் பேசலாம், அதனால ஒரு துண்டுச் சீட்டு கூட தூக்கிப் போட்டுறாதீங்க. இந்தியாவ ஆபத்து கம்மியான நாடுகள் பட்டியல்ல வச்சிருக்காங்க, அதனால அங்க சோதனையும் கம்மி. பட்டா விஷயத்துல உங்க கேள்வி நியாயம். விளைஞ்ச நாட்டுச் சட்டப்படி விளைஞ்சிருக்கணும்னு அந்த ஐரோப்பிய சட்டத்துலயே இருக்கு, அரசாங்கம் நிலப் பிரச்சினைய முடிச்சு வைக்காம அந்த விவசாயிய அம்போன்னு விட்டா அவருக்குத்தான் அடி.

பட்டிவீரன்பட்டி_சரக்கு
எல்லாரும் வரைபடத்தப் பத்தியே பேசுறீங்க, ஓட்டை இருக்குறது களத்துல. வியாபாரி நாப்பது பேர் பழத்த ஒண்ணா கொட்டி காயப்போடுறார், அப்படிச் சேக்குறது தப்பில்ல, ஆனா நாப்பது புள்ளியும் சீட்டுல இருக்கணும், அதுல ஒருத்தர் சரக்கு எங்க விளைஞ்சதுன்னு தெரியலன்னா மொத்தக் குவியலும் அந்தப் பக்கம் போக முடியாது. பாதி சரியா இருக்கு, பாதி கணக்குல கழிச்சுக்கலாம்ங்குற பேச்சே அங்க எடுபடாது. சாக்குல பேரும் பறிச்ச தேதியும் எழுதாத வியாபாரிகிட்ட புள்ளி குடுத்து பிரயோஜனமே இல்ல.

மலைவாழை_வீடு
ரொம்ப நன்றிங்க. அப்ப வியாபாரிகிட்ட அப்படியே குடுத்துரலாமா?

க்யூரிங்_காரன்
குடுங்க, ஆனா அதை மொதல்ல உங்க பேர்ல வச்சுக்கங்க. காபி போர்டு அதுக்குப் பதிவு எடுக்குறாங்க, பக்கத்து ஆபீஸ்ல கேட்டு நீங்களே பதிஞ்சு ஒரு நகல் வீட்டுல வைங்க. கையெழுத்து போட்டு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அங்க இறக்குமதி பண்றவனுக்கு, உங்களுக்கு இல்ல. புள்ளி வியாபாரி போன்ல மட்டும் இருந்தா அடுத்த வருஷம் நல்ல விலைக்கு வேற ஆள் வந்தாலும் நீங்க அவரையே சுத்திட்டு இருக்கணும். எடை போடும்போதே உங்க ரெண்டு சர்வே நம்பரையும் எழுதி ரசீது வாங்கிருங்க.

மலைவாழை_வீடு
சரிங்க, பறிப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள அப்பாவ கூட்டிட்டு காபி போர்டு ஆபீஸ் போயிட்டு வந்துர்றேன்.