சேத்ரியை மீண்டும் அழைத்தது சரியான முடிவா?

கேள்வி:
2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி விடைபெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில், அவருடைய நாற்பது வயதில், பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் மீண்டும் இந்தியக் கால்பந்து அணிக்குள் கொண்டுவந்தார். 2027 ஆசியக் கோப்பைக்கு நாம் தகுதி பெறாத நிலையில், அம்முடிவை நண்பர்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

பதில் 1:
தவறு என்றே கருதுகிறேன். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக, லிஸ்டன் கொலாசோ தூக்கி அனுப்பிய பந்தை அவர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளியபோது நானும் எழுந்து கைதட்டினேன். ஆனால் ஆறே நாளில், அதே மைதானத்தில், வங்கதேசத்துக்கு எதிராக நம்மால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை.

பதில் 2:
இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்புகள் பலவும் முன்கள வீரர் இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துவரும்போது, தேசியப் பயிற்சியாளர் வேறு யாரைத்தான் தேர்ந்தெடுப்பார்? மார்க்கேஸ் அப்போது எஃப்சி கோவா கிளப்புக்கும் பயிற்சியாளராக இருந்தார். எனக்கு உறுத்துவது அந்த இரட்டைப் பொறுப்புதான்.

பதில் 3:
மார்க்கேஸுக்குப் பின் பயிற்சியாளராக வந்த காலித் ஜமீல், சேத்ரி இல்லாத அணியைக் கொண்டே மத்திய ஆசியப் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பெற்றுத் தந்தார். சேத்ரியைச் சேர்க்காத அந்தத் துணிச்சலை அவர் தொடர்ந்திருக்க வேண்டும். அக்டோபரில் கோவாவின் மார்காவோவில், நம் வீரர் சாங்டே அடித்த கோலால் முன்னிலை பெற்றும் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.