ஹட்டனில் தலையில் அடிபட்டவர்களுக்காக நிதி நடை: பாதை, நேரம், ஏற்பாடு?

டிக்கோயா_இளைஞன்:
வணக்கம். வாகன விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ மூளையில் காயம்பட்டுத் தப்பியவர்களுக்கும், அவர்களை வைத்துப் பார்க்கிற குடும்பங்களுக்கும் நிதி சேர்க்க எங்கள் மன்றம் ஒரு நடை வைக்கப்போகிறது. சித்திரையில் ஒரு ஞாயிறு, காலை 7 மணிக்கு ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயா வரை. முன்னால் தப்பு மேளம், ஒலிபெருக்கி. முடிவில் வடையும் பிளேன்டியும். காயம்பட்டவர்கள் 25 பேர் வருவார்கள், அதில் நாலு பேர் சக்கர நாற்காலியில். என்ன மாற்ற வேண்டும்?

பிசியோ_கொட்டகலை:
முதலில் பாதையை மாற்றுங்கள் தம்பி. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். ஞாயிறென்றால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸும் வேனும் அந்த வீதியில்தான் ஓடும். வளைவுகளில் ஒதுங்கி நிற்க ஓரமே இல்லாத இடங்கள் உண்டு. சித்திரையில் பின்னேர இடிமழை வேறு. மாசியே நல்லது.

வீதிக்குப் பதில் டன்பார் மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள். சுற்றுச் சுற்றாக நடந்தால் யாரும் எந்த இடத்திலும் நிறுத்தலாம், கழிப்பறை கிட்ட இருக்கும். மூளைக் காயத்தின் களைப்பு சாதாரணக் களைப்பு மாதிரி இல்லை. நன்றாக நடந்துகொண்டிருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார், பேச்சு குழறும். நேர்ப்பாதையில் அது பாதிவழியில் நடந்தால் திரும்பிக் கூட்டிவர வாகனம் தேட வேண்டும். 100 மீற்றருக்கு ஒரு கதிரை போடுங்கள், கை வைத்த கதிரையாக.

ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொண்டவருக்கு உதவுகிறவர் பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பில் அகலமான துணிப்பட்டி கட்டி அதைப் பிடியுங்கள். குளிரில் தசை இறுகும், அதனால் கிளம்புமுன் வெயிலில் பத்து நிமிடமாவது இருக்கட்டும்.

ஈரப் புல்லில் நாற்காலியின் முன் சில்லு புதையும். நாற்காலியைத் திருப்பி, பெரிய சில்லு முன்னால் போகும்படி பின்பக்கமாக இழுங்கள். சரிவில் இறங்கும்போதும் அதே மாதிரி, ஆள் மேட்டைப் பார்த்தபடி. வாசலில் ஒரு அடி உயரப் படி இருந்தால் பலகை 12 அடியாவது நீளம் வேண்டும்.

வார்டு_அக்கா:
7 மணி வேண்டாம். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழும்புவார்கள், தூக்கம் கெடும், காலை வலிப்பு மாத்திரையும் விடுபடும். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வர நல்ல வாய்ப்பு. 9க்குத் தொடங்கி 11க்குள் முடியுங்கள், பின்னேர மழைக்கும் தப்பலாம்.

பதியும்போதே கேட்க வேண்டியவை: என்ன மாத்திரை, கடைசி வலிப்பு எப்போது, எந்தப் பக்கம் பலவீனம், தண்ணீர் குடித்தால் இருமல் வருமா, மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்திருக்கிறார்களா. எடுத்திருந்தால் அந்த இடத்தில் எலும்பே கிடையாது, வைத்தியர் சொன்ன தலைக்கவசம் இல்லாமல் மைதானத்துக்குள் விடாதீர்கள்.

வடைதான் பெரிய ஆபத்து. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு உதிர்கிற பண்டமும் தண்ணியான தேநீரும் மூச்சுக்குழாய்க்குப் போகும். வீட்டார் கொண்டுவருவதையே கொடுக்கட்டும். பசியாயிருப்பார் என்று தொண்டர்கள் யாரும் கையில் திணிக்கக் கூடாது.

வலிப்பு வந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள். தலைக்குக் கீழே சுவெட்டர் ஒன்றை வையுங்கள், உதறல் நின்றதும் பக்கவாட்டில் புரட்டுங்கள். வாயில் கரண்டி, கையில் இரும்பு, இதெல்லாம் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது அழைத்தால் வருவது, உங்கள் மைதானத்தில் காலை முழுக்க நிற்காது. அதற்கு முதலுதவித் தொண்டர்களையும் தோட்ட வாகனம் ஒன்றையும் தனியே ஒழுங்கு செய்யுங்கள்.

லயத்துப்பையன்:
தப்பு இல்லாமல் நம்ம சனம் வருமா? அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வார்டு_அக்கா:
நிறுத்த வேண்டாம் தம்பி, தள்ளி வையுங்கள். சத்தமும் நெரிசலும் சேர்ந்தால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், சிலருக்குக் கோபம் பொங்கும், அடிக்கவும் கை ஓங்குவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. தப்பை டவுனில் அடித்து ஆட்களைக் கூட்டுங்கள், மைதான வாசலோடு நிற்கட்டும். உள்ளே ஒலிபெருக்கி அறிவித்தலுக்கு மட்டும். ஒரு மூலையில் திரை கட்டி, பாய் போட்டு, யாரும் பேச்சுக் கொடுக்காத இடமாக வையுங்கள்.

கணக்கு_மாமா:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் அனுமதி எடுங்கள். மைதானத்துக்கு நகர சபைக்குத் தனிக் கடிதம். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம். தொடர் இலக்கமிட்ட ரசீதுப் புத்தகத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், பாவிக்காத தாளும் திரும்பி வர வேண்டும். உண்டியலை இரண்டு பேர் முன்னால் எண்ணி அன்றைக்கே பதியுங்கள்.

மேடையில் கவர் கொடுத்துப் படம் பிடிப்பதை விடுங்கள். கண்டி கிளினிக்குக்குப் போக வர வண்டிக்கூலி, கூடப் போகிறவரின் இழந்த நாட்சம்பளம், பம்பர்ஸ், இதுதான் மாதாமாதம் கடிக்கிற செலவு. ஒரே தடவை பெருந்தொகை கொடுப்பதைவிட மாதாமாதம் வண்டிக்கூலியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

டிக்கோயா_இளைஞன்:
நன்றி எல்லாருக்கும். மாசி, டன்பார், 9 மணி. பார்த்துக்கொள்கிற அம்மாமாரும் நடக்க ஆசைப்படுகிறார்கள், அந்த நேரம் யார் பார்ப்பது?

பிசியோ_கொட்டகலை:
ஒருவருக்கு ஒரு தொண்டர், அன்றைக்குப் புதிதாக அறிமுகமாகாமல் முந்தின வாரமே வீட்டுக்குப் போய்ப் பழகியவராக. ஞாபக மறதி உள்ளவருக்குப் புது முகம் பயமாயிருக்கும். தொண்டரின் பெயரைப் பெரிய எழுத்தில் நெஞ்சில் ஒட்டுங்கள். காயம்பட்டவரின் சட்டைப்பைக்குள் வீட்டாரின் தொலைபேசி இலக்கம் எழுதிய சீட்டு இருக்கட்டும். வெளியே தொங்கவிட வேண்டாம்.