ஒரே காலையில் 412 மின்னஞ்சல், நடுவில் ஓர் ஆர்டர்

திருப்பூரிலிருந்து:

எட்டு தையல் மெஷின் போட்டு, கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறேன். ஊசி, மெஷின் எண்ணெய், கத்தரி என்று சில்லறைச் சாமான்களை ஆன்லைனில் வாங்குவது வழக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்குக் கைபேசியைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

காலை எட்டு மணிக்கு மின்னஞ்சல்கள் வந்து விழத் தொடங்கின. போர்ச்சுகலில் ஒரு பூக்கடை, எங்கோ ஒரு நாய் வளர்ப்போர் சங்கம், யோகா வகுப்பு, எந்த மொழி என்றே தெரியாத இன்னும் பல. எல்லாம் ஒரே பாட்டு: எங்கள் செய்திமடலில் சேர்ந்ததற்கு நன்றி. பத்து மணிக்குள் 412. எரிச்சலில் மொத்தமாக அழிக்கப் போனேன்.

எங்களிடம் செக்கிங் பார்க்கும் அக்கா சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்தார். வேஸ்ட் மூட்டை வெளியே போகும்போதெல்லாம் அவர் சொல்வதையே அப்போதும் சொன்னார்: "தம்பி, உள்ளே நல்ல பீஸ் ஒன்று கிடக்கும், பார்த்துவிட்டு வீசுங்கள்." விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விரலை எடுத்துவிட்டு மேலே தள்ளிப் பார்த்தேன். பூக்கடைக்கும் யோகாவுக்கும் நடுவே நான் வழக்கமாக வாங்கும் தளத்தின் கடிதம்: 'உங்கள் ஆர்டர் உறுதியானது.' 38,999 ரூபாய்க்கு ஒரு கைபேசி. பெயர் என்னுடையது, முகவரி வேறு மாநிலம். பணம், இப்போது வாங்கிப் பிறகு செலுத்தத் தளமே கொடுத்திருந்த கடன் வரம்பிலிருந்து.

அந்த ஒரு கடிதத்தைப் புதைக்கத்தான் மீதி 411 குப்பையும். ஆப்பில் ஆர்டர் பட்டியலைத் திறந்தால் அங்கேயும் இல்லை. காப்பகம் என்ற மூலையில் திருடன் ஒளித்து வைத்திருந்தான். இன்னும் அனுப்பப்படாததால் ரத்து செய்ய முடிந்தது. பிறகு மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றினேன், கடையுடையதை அடுத்து. இந்த வரிசை முக்கியம்: மின்னஞ்சல் அவன் கையில் இருந்தால் கடையில் எத்தனை முறை மாற்றினாலும் 'மறந்துவிட்டது' என்று அழுத்தி மறுபடி நுழைந்துவிடுவான். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டேன்.

எப்படி நுழைந்தான்? பஸ் டிக்கெட் முதல் மளிகை வரை எல்லா இடத்திலும் என் வண்டி எண்தான் கடவுச்சொல். எங்கோ ஓரிடத்தில் கசிந்தால் போதும், அந்தப் பட்டியலை வைத்து நூறு தளங்களைத் தானாகவே தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. ஒரே சாவியில் எட்டுப் பூட்டு, குற்றம் என்னுடையதுதான். அந்தக் கடன் வரம்பை மட்டும் நான் கேட்டதே இல்லை. நாலு திரை தாண்டித் தேடி மூடினேன்.

கோபியிலிருந்து:

அண்ணா, எனக்கு வந்தது வேறு வழி. 2023இல் கூரியர் பையன் என்று ஒருவன் பேசினான். "அக்கா, முகவரி கிடைக்கவில்லை, டெலிவரி ஆளின் எண்ணைத் தருகிறேன், முன்னால் *401* சேர்த்து அழையுங்கள்." நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தேன், அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. அன்று மாலை வரை எனக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. அந்த *401* எனக்கு வரும் அழைப்புகளை அவன் தந்த எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தது. எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தன, ஒருமுறைக் கடவுச்சொல்லைக் குரலில் சொல்லும் அழைப்பு உட்பட. அதை வைத்து என் வாட்ஸ்அப்பில் நுழைந்து, சின்னம்மாவிடம் 15,000 கேட்டிருக்கிறான். சின்னம்மா விவரமானவர், என் வீட்டுக்காரருக்கு அழைத்துவிட்டார்.

2024 ஏப்ரல் 15 முதல் *401# வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனால் *21* என்று தொடங்குவதும் அதே வேலையைச் செய்யும். உங்கள் அழைப்பு எங்காவது திரும்பியிருக்கிறதா என்று பார்க்க *#21#, எல்லாவற்றையும் நீக்க ##002#.

ஈரோட்டிலிருந்து:

எனக்குப் பணமே போய்விட்டது. கிழிந்து வந்த ஜமுக்காளத்தைத் திருப்பி அனுப்பினேன், பணம் வரவில்லை. தேடுபொறியில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, முதலில் வந்ததற்கு அழைத்தேன். "சார், சார்" என்று அவ்வளவு மரியாதை! ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். என் திரை அவனுக்குத் தெரிந்தது. பணம் வருவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்றான், போட்டேன். 9,200 ரூபாய். மஞ்சள் மண்டியில் இருபது வருடம் கணக்கு எழுதியவன் நான். வருகிற பணத்துக்குப் பின் எண் எதற்கு என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழைத்தேன், ஆனால் மறுநாள். அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருந்தது. வங்கியில் ரிசர்வ் வங்கியின் 2017 விதியைக் காட்டினார்கள்: ரகசிய எண்ணை நாமே கொடுத்துப் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நம் நஷ்டம்; தெரிவித்த பிறகு போனால்தான் வங்கியின் நஷ்டம். வெட்கத்தில் வீட்டில் சொல்லாமல் கழித்த அந்த ஓர் இரவுதான் என்னைத் தின்றது.

காங்கேயத்திலிருந்து:

எங்கள் அப்பத்தாவிடம் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், 'பேரன் போட்ட ஆர்டர்' என்று. உள்ளே பழைய செய்தித்தாள். இப்போது யார் பார்சல் கொண்டுவந்தாலும் திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, எனக்கு அழைத்துக் கேட்ட பிறகுதான் சுருக்குப் பையைத் திறக்கிறார்.

திருப்பூரிலிருந்து மீண்டும்:

கோபி அம்மிணி சொன்ன *#21# போட்டுப் பார்த்தேன், எதுவும் திரும்பவில்லை. ஈரோட்டு அண்ணா, இனி எண் வேண்டுமென்றால் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். போர்ச்சுகல் பூக்கடை இன்னும் என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தள்ளுபடி அனுப்புகிறது. தலைப்பைப் படித்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.